காவல்காரன் தூங்கட்டும்

நம் ஊரில் சில வார்த்தைகள் மழைக்காலத்தில் காளான் மாதிரி முளைக்கின்றன. ‘பிளேட்லெட்’ என்பது அவற்றில் ஒன்று. ஐப்பசி, கார்த்திகையில் கொசுவும் டெங்குக் காய்ச்சலும் வந்துவிட்டால் போதும். காய்கறிக் கூடைக்காரி முதல் கல்லூரிப் பேராசிரியர் வரை எல்லோருடைய வாயிலும் அந்த வார்த்தைதான். “எவ்வளவு இருக்காம்?” “எண்பதாயிரம்.” “ஐயையோ! பப்பாளி இலைச் சாறு கொடுத்தீர்களா?” காய்ச்சல் போனதும் வார்த்தையும் போய்விடும். அடுத்த மழை வரையில் அதை யாரும் சீந்துவதில்லை.

கல்லூரியில் இரண்டு வருஷத்தோடு நின்றுவிட்ட எனக்கு ரத்தத்தைப் பற்றித் தெரிந்ததெல்லாம் கதைக்கு வேண்டிய அளவுதான். வில்லன் கத்தியை ஓங்கினால் வழியும். கதாநாயகி நாணினால் கன்னத்தில் ஏறும். அதற்கு மேல் அதில் ஒரு பெரிய நாவலே ஓடிக்கொண்டிருக்கிறது என்பதை எனக்குச் சொன்னவள் என் மனைவியின் தமக்கை மகள்.

அவள் ஒரகடத்துப் பெண். ஸ்ரீபெரும்புதூரிலிருந்து சிங்கப்பெருமாள் கோயிலுக்குப் போகும் சாலையும், வண்டலூரிலிருந்து வாலாஜாபாத்துக்குப் போகும் சாலையும் சந்திக்கும் இடம் ஒரகடம். ராமாநுஜர் அவதரித்த ஸ்தலமும், வல்லக்கோட்டை முருகனும், ஏரிகளும், நெல் வயல்களுமாக இருந்த பிரதேசம் அது. 1990-களின் கடைசியில் இருங்காட்டுக்கோட்டையில் மோட்டார்க் கார்கள் தயாராகத் தொடங்கின. பிறகு கண்ணாடி வந்தது, டயர் வந்தது, லாரி வந்தது, மோட்டார் சைக்கிள் வந்தது. 2006-ல் ஸ்ரீபெரும்புதூரில் கைத்தொலைபேசி செய்ய ஆரம்பித்த பெரிய தொழிற்சாலை 2014-ல் மூடப்பட்டதும் உண்டு. இன்று அந்தச் சாலையில் விடியற்காலை ஐந்து மணிக்கு நின்று பார்த்தால், கம்பெனி பஸ்கள் ஒன்றன் பின் ஒன்றாக வருவது கோயில் திருவிழாக் கூட்டம்போல் இருக்கும். ஜன்னலோரத்துத் தலைகள் எல்லாம் சாய்ந்து தூங்கிக்கொண்டிருக்கும் என்பதுதான் வித்தியாசம்.

அந்தப் பஸ்களில் ஒன்றில் பதினெட்டு வருஷம் போய் வந்தவர் என் சகலபாடி. ரப்பர்க் குழாய் செய்யும் ஒரு தொழிற்சாலையில் பரிசோதகர். காருக்குள்ளே தண்ணீரையும் எண்ணெயையும் கொண்டுபோகும் குழாய்களை விளக்கு வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, உட்புறம் வழவழப்பாக இருக்கிறதா என்று ஒற்றைக் கண்ணால் பார்ப்பது அவர் உத்தியோகம். “தம்பி, குழாய்க்கு அழகு உள்ளேதான்” என்று அடிக்கடி சொல்லுவார். அவருடைய மகள் படித்த படிப்புக்குத் தமிழில் பெயர் வைக்க நான் முயன்று தோற்றேன். பெர்ஃபியூஷனிஸ்ட் என்கிறார்கள். இருதய அறுவை நடக்கும்போது, இருதயத்துக்கும் நுரையீரலுக்கும் பதிலாக வேலை செய்யும் யந்திரத்தை ஓட்டுகிறவர். சர்ஜனைப் பற்றிப் பத்திரிகையில் போடுகிறார்கள். யந்திரத்தின் முன்னால் உட்கார்ந்திருக்கும் இந்தப் பெண்ணைப் பற்றி யாரும் போடுவதில்லை. நோயாளிக்கே தெரியாது, அவர்தான் மயக்கத்தில் இருக்கிறாரே!

“அப்பா குழாய் பார்க்கிறார், நானும் குழாய்தான் பார்க்கிறேன் சித்தப்பா” என்பாள் அவள். “அவர் குழாயில் ஓடுவது தண்ணீர். என் குழாயில் ஓடுவது ஓர் ஆள்.”

இந்த யந்திரத்தின் கதை 1931-ல் ஆரம்பமாகிறது. அமெரிக்காவில் பாஸ்டன் நகரத்து ஆஸ்பத்திரி ஒன்றில், நுரையீரல் ரத்தக் குழாயில் கட்டி அடைத்துக்கொண்ட ஒரு பெண்மணியின் பக்கத்தில் இரவு முழுவதும் உட்கார்ந்திருந்தார் ஜான் கிப்பன் என்ற இளம் டாக்டர். அவள் பிழைக்கவில்லை. அவளுடைய கறுத்த ரத்தத்தைக் கொஞ்ச நேரம் வெளியே எடுத்து, பிராணவாயு ஏற்றி, திரும்ப உள்ளே அனுப்ப முடிந்திருந்தால்? அந்த ஒரு கேள்வி அவரை இருபத்திரண்டு வருஷம் தூங்கவிடவில்லை. அவரும் அவர் மனைவி மேரியும் பாஸ்டன் தெருக்களில் மீன் துண்டைக் காட்டிப் பூனை பிடித்துச் சோதனை செய்தார்கள். கடைசியில் 1953-ம் வருஷம் மே 6-ந் தேதி, பிலடெல்பியாவில், பதினெட்டு வயதுப் பெண் ஒருத்தியின் இருதயத்தில் இருந்த ஓட்டையை அடைத்தார். 26 நிமிஷம் அவளுடைய இருதயத்தின் வேலையையும் நுரையீரலின் வேலையையும் யந்திரமே பார்த்தது.

நம் பக்கத்துக்கு இந்த வித்தை வர அதிக நாள் ஆகவில்லை. 1960-களின் தொடக்கத்திலேயே வேலூர் கிறிஸ்துவ மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியில் இருதயத்தைத் திறந்து சிகிச்சை செய்தார்கள். 1975-ல் சென்னை பெரம்பூர் ரயில்வே ஆஸ்பத்திரியில் டாக்டர் கே. எம். செரியன் இந்தியாவின் முதல் ‘பைபாஸ்’ அறுவையைச் செய்தார். ஸ்ரீபெரும்புதூர் நெடுஞ்சாலையில் நின்றால், ஒரு பக்கம் போனால் வேலூர், மறு பக்கம் போனால் பெரம்பூர்.

சரி, யந்திரம் வந்துவிட்டது. பிறகு என்ன கஷ்டம்? கஷ்டம் அந்த மழைக்கால வார்த்தையில் இருக்கிறது.

நம் ரத்தத்தில் தட்டணுக்கள் என்ற சின்னஞ்சிறு துணுக்குகள் மிதக்கின்றன. ஒரு மில்லிமீட்டரை ஐந்நூறாகக் கூறு போட்டால் ஒரு கூறு எவ்வளவோ, அவ்வளவுதான் ஒன்றின் அளவு. ஒரு கன மில்லிமீட்டர் ரத்தத்தில் ஒன்றரை லட்சத்திலிருந்து நாலு லட்சம் வரை இருக்கும். எலும்பு மஜ்ஜையில் பிறந்து, ஏழு முதல் பத்து நாள் வாழ்ந்து மடியும். எங்கேயாவது ரத்தக் குழாய் கிழிந்தால் ஓடிப்போய் ஒட்டிக்கொண்டு, தோழர்களைக் கூவி அழைத்து, வாயை அடைப்பது இவற்றின் தர்மம். 1882-ல் பிட்ஸோஸெரோ என்ற இத்தாலியர் இதைக் கண்டு சொன்னார். சுருங்கச் சொன்னால், ஊர்க் காவல்காரர்கள்.

காவல்காரனுக்கு ஒரு குணம் உண்டு. தெரிந்த முகத்தைக் கண்டால் சும்மா இருப்பான். தெரியாத முகத்தைக் கண்டால் திருடன் என்று பாய்வான். நம் ரத்தக் குழாயின் உட்சுவர் அவனுக்குத் தெரிந்த முகம். யந்திரத்தின் பிளாஸ்டிக் குழாய் தெரியாத முகம். ரத்தம் அதன்மேல் பட்ட சில விநாடிகளுக்குள், ரத்தத்திலுள்ள ஃபைப்ரினோஜன் என்ற புரதம் குழாய்ச் சுவரில் படிந்துவிடுகிறது. காவல்காரன் அதைப் பார்த்ததும் ‘காயம்! காயம்!’ என்று அதன்மேல் விழுகிறான். நிமிஷத்துக்கு நாலைந்து லிட்டர் ரத்தம் யந்திரத்தின் வழியாகப் போகிறது. மனித உடம்பில் இருப்பதே ஏறக்குறைய ஐந்து லிட்டர்தான். ஆக, நிமிஷத்துக்கு ஒரு முறை ஊர்க் காவல் முழுவதும் அந்நிய வீதியில் ஒரு சுற்று வருகிறது. இரண்டு மணி நேரம் என்றால் நூற்று இருபது சுற்று!

யந்திரத்தை முதலில் உப்புநீரால் நிரப்ப வேண்டியிருப்பதால் ரத்தம் நீர்த்துப்போகிறது. அதிலேயே தட்டணுவின் எண்ணிக்கை குறைகிறது. மீதி இருப்பவையும் பொய்க் காயத்தோடு போராடிக் களைத்துவிடுகின்றன. அறுவை முடிந்து, தையல் போட்டு, நிஜக் காயத்தை அடைக்கவேண்டிய நேரத்தில் காவல்காரனுக்குக் கை எழவில்லை. ரத்தம் நிற்காமல் கசிகிறது.

சாதாரணமாக ரத்தம் உறையாமல் இருக்க ஹெபரின் என்ற மருந்தைக் கொடுக்கிறார்கள். 1916-ல் ஜே மக்லீன் என்ற மருத்துவ மாணவர் தற்செயலாகக் கண்ட பொருளிலிருந்து வளர்ந்தது அது. அது இல்லாவிட்டால் இந்த யந்திரமே இல்லை. ஆனால் ஹெபரின் பேச்சைத் தட்டணு முழுவதும் கேட்பதில்லை.

ஆகவே இந்தக் காவல்காரனைக் காப்பாற்ற டாக்டர்கள் எழுபது வருஷமாகப் பாடுபடுகிறார்கள். அவர்கள் கையாளும் உபாயங்களைக் கேட்டால் பஞ்சதந்திரக் கதை மாதிரி இருக்கும்.

முதல் உபாயம், அந்நியனுக்கு வேஷம் போடுவது. குழாயின் உட்புறத்தில் ஹெபரினையோ, உடம்பின் செல்கள் போர்த்தியிருப்பது போன்ற வேறு பொருளையோ பூசிவிடுவது. காவல்காரன், ‘நம்ம ஆள்தான்’ என்று ஏமாந்து போகட்டும். இரண்டாவது, வீதியைச் சுருக்குவது. குழாயின் நீளத்தைக் குறைத்தால் அந்நியச் சுவரும் குறையும், உப்புநீரும் குறையும். மூன்றாவது, வெளியே சிந்திய ரத்தத்தை அப்படியே உறிஞ்சித் திரும்ப ஊற்றாமல் இருப்பது. காற்றும் உறிஞ்சலும் பட்டு மிகவும் அடிபட்ட ரத்தம் அதுதான். நான்காவது, அறுவைக்கு முன்பே தட்டணு நிறைந்த பாகத்தைப் பிரித்து ஓரமாக வைத்துக்கொண்டு, எல்லாம் முடிந்த பிறகு உடம்பில் சேர்ப்பது.

ஐந்தாவது உபாயந்தான் என்னைக் கவர்ந்தது. காவல்காரனையே தூங்கவைத்துவிடுவது! நோயாளிக்கு மயக்கம் கொடுப்பதுபோல் தட்டணுவுக்கும் மயக்கம். யந்திரம் ஓடும் வரை அவன் தூங்கட்டும். அந்நியனைப் பார்க்காமலே போகட்டும். தையல் போடும் வேளையில் எழுப்பிக்கொள்வோம். ‘தட்டணு மயக்கம்’ என்ற இந்த எண்ணத்தைப் பிலடெல்பியாவில் ஹென்றி எட்மண்ட்ஸ் என்ற சர்ஜன் வெகுவாக வளர்த்தார். கிப்பன் முதன்முதலில் யந்திரத்தை ஓட்டிய அதே ஊர். அதற்கு ஒரு மருந்தும் அகப்பட்டது. நம் ரத்தக் குழாயின் உட்சுவரே காவல்காரனை அமைதியாக வைத்திருக்கப் ‘பிராஸ்டாசைக்ளின்’ என்ற ஒன்றைச் சுரக்கிறது என்று 1976-ல் இங்கிலாந்தில் ஜான் வேனும் அவர் தோழர்களும் கண்டுபிடித்தார்கள். வேனுக்கு 1982-ல் நோபல் பரிசு கிடைத்தது. தாயே பாடும் தாலாட்டு அது. ஆனால் அதைக் கொடுத்தால் ரத்த அழுத்தமும் சேர்ந்து தூங்கிவிடுகிறது. அதனால் எல்லோருக்கும் கொடுப்பதில்லை. ஹெபரினே பகையாகிவிடும் அபூர்வமான நோயாளிகளுக்கு, இந்த வகை மருந்துகளை ஜாக்கிரதையாக உபயோகிக்கிறார்கள். ஆபத்தில்லாத தூக்க மருந்து இன்னும் தேடப்படுகிறது.

இதற்கிடையில் தினசரி வேலைக்கு உதவுவது ஜப்பானியத் தம்பதிகள் கொடுத்த மருந்து. உத்தகோ ஒகமோத்தோ என்ற அம்மாள், குழந்தையை முதுகில் கட்டிக்கொண்டு பரிசோதனைச் சாலையில் வேலை செய்தவர். அவரும் கணவரும் சேர்ந்து 1962-ல் டிரானெக்ஸாமிக் அமிலத்தை உலகுக்குச் சொன்னார்கள். காவல்காரர்கள் கட்டிய அணை கரைந்து போகாமல் காப்பது அதன் வேலை. பிரசவத்தில் ரத்தம் பெருகி இறக்கும் தாய்மாருக்காகவே அவர் அதைத் தேடினார். அந்தத் தாய்மாரைக் காக்கிறது என்று பெரிய ஆராய்ச்சி ருசுப்படுத்தியது 2017-ல். அம்மாள் அதற்கு முந்தின வருஷம் காலமாகிவிட்டார்.

இவ்வளவும் எனக்கு ஏன் தெரியவேண்டி வந்தது என்றால், சென்ற வருஷம் என் சகலபாடியின் முறை வந்தது. மூன்று அடைப்பு, கூடவே ஒரு வால்வும் கெட்டிருந்தது. அடைப்பு மட்டும் என்றால் துடிக்கிற இருதயத்திலேயே, யந்திரம் இல்லாமல் செய்துவிடுவார்கள். இந்தியாவில் அது சகஜம். வால்வு என்றால் யந்திரம் வேண்டும்.

எல்லாவற்றையும் மகளிடம் கேட்டுத் தெரிந்துகொண்ட மனிதர், அட்மிட் ஆன அன்று அவளிடம் சொன்னார்: “ஏம்மா, குழாய் உள்ளே வழவழன்னு இருந்தா உன் தட்டணு ஏன் ஒட்டப்போகுது? யார் செக் பண்ணினது? ஒண்ணு எடுத்து வா, நான் பார்க்கிறேன்.”

“அப்பா, சொரசொரப்பு இருந்தா இன்னும் மோசம்தான். ஆனா வழவழப்பு மட்டும் போதாது. ரத்தம் தடவிப் பார்க்கிறதில்லை. ஊரும் பேரும் கேட்குது.”

அவர் கொஞ்ச நேரம் யோசித்தார். “அப்போ கஷ்டந்தான்” என்றார். ஒரு தொழிலாளி மற்றொரு தொழிலாளியிடம் ஒப்புக்கொள்ளுகிற தொனி அது.

பெற்ற தகப்பனுக்கு அவளே யந்திரம் ஓட்டவில்லை; ஓட்டக் கூடாது என்று அவளே ஒதுங்கிக்கொண்டாள். அவளுடைய மேலதிகாரி உட்கார்ந்தார். ஆனால் அறுவைக்கு முதல் நாள் தட்டணு தயாராக இருக்கவேண்டும் என்று அவள்தான் அலைந்தாள். இங்கேதான் எனக்கு வேலை வந்தது.

ரத்தத்தின் சிவப்பணுக்களைக் குளிரில் வைத்தால் ஒரு மாதத்துக்கு மேல் இருக்கும். தட்டணு அப்படி இல்லை. இருபது முதல் இருபத்து நாலு டிகிரி உஷ்ணத்தில், ஒரு யந்திரத் தொட்டிலில் போட்டு, விடாமல் ஆட்டிக்கொண்டே இருக்கவேண்டும். அப்படியும் ஐந்து நாளைக்கு மேல் தங்காது. ஆகையால் சேமித்து வைத்துக்கொள்ளலாம் என்ற பேச்சுக்கே இடமில்லை. நாளைக்கு வேண்டும் என்றால் இன்றைக்கு ஒருவர் வந்து கையை நீட்டவேண்டும்.

கையை நீட்ட ஆறு பேர் வந்தார்கள். எல்லோரும் அவருடைய தொழிற்சாலைப் பையன்கள், இருபது இருபத்தைந்து வயது, திருவண்ணாமலை, கள்ளக்குறிச்சிப் பக்கத்துப் பிள்ளைகள், ஒருவன் ஒரிஸா. இரவு ஷிப்டு முடிந்து பஸ் பிடித்துக் காலை எட்டு மணிக்கு நேராக ஆஸ்பத்திரி வாசலில் நின்றார்கள். ரத்த வங்கியில் இருந்த பெண் அவர்கள் கண்ணைப் பார்த்தாள்.

“ராத்திரி வேலையா?”

“ஆமாக்கா.”

“தூங்கினீங்களா?”

பதில் இல்லை. “எடுக்க மாட்டேன். போய்த் தூங்கிட்டு வாங்க” என்றாள்.

எனக்குக் கோபம் வந்தது. பிறகு விசாரித்தேன். அவள் செய்தது முழுவதும் சரி. தேசிய ரத்த மாற்றுக் கவுன்சில் 2017-ல் வெளியிட்ட விதிகளில் இது இருக்கிறது: இரவு வேலை செய்து போதிய தூக்கம் இல்லாதவரிடம் ரத்தம் எடுக்கலாகாது. கொடுக்கிறவனுக்கு மயக்கம் வரலாம் அல்லவா?

அந்தப் பிள்ளைகள் ஒரகடம் திரும்பிப் போய்த் தூங்கிவிட்டு வருவதென்றால் பொழுது போய்விடும். என் வீடு ஆஸ்பத்திரியிலிருந்து இரண்டு மைல். ஆறு பேரையும் கூட்டிக்கொண்டு போனேன். என் மனைவி இட்டிலி வார்த்துப் போட்டாள். நான் எழுதுகிற அறையில் பாயை விரித்ததுதான் தாமதம்; ஆறு தலைகளும் ஒரே நிமிஷத்தில் சாய்ந்தன. என் வீட்டில் அன்று பேச்சு இல்லை, ரேடியோ இல்லை, குக்கர் விசில்கூட இல்லை. தெருவில் கத்திரிக்காய் விற்றவனை என் மனைவி கையைக் காட்டி அடக்கினாள். வாசல் திண்ணையில் உட்கார்ந்து நான் காவல் இருந்தேன்.

மூன்று மணிக்கு எழுந்து போனார்கள். ஒருவன் முதுகு வலிக்கு முதல் நாள் ஆஸ்பிரின் விழுங்கியிருந்தான். அந்த ஒரு மாத்திரை, அது தொட்ட தட்டணுவை அதன் ஆயுள் முழுவதும் முடக்கிவிடும் என்று அவனைத் திருப்பினார்கள். ஒருவன் எடை போதவில்லை. ஒருவனுக்கு நரம்பு மெலிவு. மற்றவர்களில் பொருத்தமானவன் அந்த ஒரிஸாப் பையன். ஒன்றரை மணி நேரம் படுத்துக் கிடந்தான். யந்திரம் தட்டணுவை மட்டும் பிரித்துக்கொண்டு மீதி ரத்தத்தை அவனுக்கே திருப்பிக் கொடுத்தது. வெளிர் மஞ்சளாக, மோர்க்குழம்பின் தெளிவுபோல் ஒரு பை. அதற்காகவா இவ்வளவும் என்று தோன்றும்.

மறுநாள் யந்திரம் நூற்றுப் பத்து நிமிஷம் ஓடியது. அறுவை நன்றாக முடிந்தது என்றார்கள். மாலை ஆறு மணிக்கு என் மனைவியின் தமக்கை மகள் வெளியே வந்தாள். முகம் சரியில்லை. மார்பிலிருந்து வடியும் குழாயில் ரத்தம் நிற்கவில்லை. இன்னும் இரண்டு மணி நேரம் பார்ப்பார்கள். நிற்காவிட்டால் திரும்பவும் திறக்கவேண்டும்.

“பிளேட்லெட் எவ்வளவு?” என்றேன், மழைக்காலத்து மனிதனாக.

“ஒரு லட்சத்துப் பத்தாயிரம். எண்ணிக்கை போதும் சித்தப்பா. ஆனா களைச்சுப் போச்சு. நூறு சுத்து சுத்தியிருக்கே!”

தொட்டிலில் ஆடிக்கொண்டிருந்த அந்த மஞ்சள் பையைக் கொண்டுவந்து ஏற்றினார்கள். களைக்காத காவல்காரர்கள், நன்றாகத் தூங்கி எழுந்த ஒருவனுடைய உடம்பிலிருந்து வந்தவர்கள். எட்டரை மணிக்குக் கசிவு பாதியாயிற்று. பத்து மணிக்குச் சொட்டு. திறக்கவேண்டிய அவசியம் ஏற்படவில்லை. அவள் அப்போதுதான் சுவரில் சாய்ந்து அழுதாள்.

அந்த ஒரிஸாப் பையனுக்கு ஒப்பந்தக்காரர் அரை நாள் கூலியைப் பிடித்துக்கொண்டார் என்று பிறகு தெரிந்தது. என் சகலபாடி தம் கையிலிருந்து கொடுக்கப் போனார், அவன் வாங்கவில்லை. “உங்க வீட்ல ஆறு மணி நேரம் தூங்கினேன் சார், ஊரை விட்டு வந்த பிறகு பகல்ல அப்படித் தூங்கினதே இல்லை” என்று என்னிடம் சொன்னான்.

ஒரகடத்தில் 350 ஏக்கரில் மருத்துவக் கருவிகளுக்காகவே ஒரு தொழிற்பேட்டை அமைக்க அரசாங்கம் திட்டமிட்டு வேலை செய்கிறது. ரத்தம் தெரிந்துகொள்ளும் குழாய் ஒரு நாள் அங்கேயே தயாராகலாம். அதையும் ஒருவர் விளக்கில் தூக்கிப் பிடித்துப் பார்ப்பார். சந்தோஷம். ஆனால் தட்டணுவை எந்தத் தொழிற்சாலையும் இதுவரை ஆஸ்பத்திரிகளின் தேவைக்குச் செய்து கொடுக்கவில்லை. அது இன்னொரு மனிதனின் எலும்புக்குள்தான் விளைகிறது. அதைக் கொடுத்தவனுக்குச் சில நாட்களில் திரும்பவும் ஊறிவிடுகிறது; வேண்டியவனுக்கோ அந்த மாலை ஒன்றுதான் இருக்கிறது.

ஆகவே, நேயர்களே, உங்களால் முடிந்தால் அருகிலுள்ள ரத்த வங்கியில் பெயரைக் கொடுத்து வையுங்கள். உங்களிடம் இரவு வேலை செய்கிறவர்கள் இருந்தால், ரத்தம் கொடுக்கப் போகிறேன் என்று அவர்கள் கேட்கிற அன்று, கொடுக்கிற நேரத்துக்கு மட்டுமல்ல, தூங்குகிற நேரத்துக்கும் சேர்த்துக் கூலி கொடுங்கள். எண்ணிக்கை சரியாக இருக்கிறது என்று கணக்குப் புத்தகம் சொல்லும். களைத்திருக்கிறதா என்பதைக் கண்ணைப் பார்த்துத்தான் கேட்கவேண்டும்.